பாசிமணியும் பரிதாபமும்

அமெரிக்காவில், அரிசோனாவில், ஜீன் பரூக் என்ற நர்ஸ் 2004-ல் ஆரம்பித்த திட்டம் 'பீட்ஸ் ஆஃப் கரேஜ்'. கடும் நோயோடு போராடும் குழந்தைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி. ஊசி குத்தினால் கறுப்பு, கீமோ என்றால் வெள்ளை, முடி கொட்டினால் பழுப்பு. ரொம்பக் கஷ்டமான கட்டங்களுக்கு, தன்னார்வலர்கள் கண்ணாடியிலும் பாலிமர் களிமண்ணிலும் கையால் செய்த மணி.

இதை வகுப்பில் சொன்னேன். ஒரு தோழி சொன்னாள்: "பாவம், சின்னப் பிள்ளைங்க. எதைக் கொடுத்தாலும் சந்தோஷப்படும்."

எனக்குச் சுருக்கென்றது. இது பிறந்தநாள் பொம்மை இல்லீங்க! நூறு கறுப்பு மணி என்றால் அந்த உடம்பு நூறு முறை குத்து வாங்கியிருக்கிறது. 'நீ ரொம்ப தைரியசாலிப்பா' என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போய்விடுவோம். குழந்தை கோர்த்து வைத்திருப்பதோ கணக்கு. எண்ணிக் காட்டும்.

அரைவேக்காட்டுக் களிமண் மணி உடைந்துபோனால், போவது மணி மட்டுமா? ஒரு ஆபரேஷனைத் தாண்டி வந்ததற்கான சாட்சியும்தான். விளிம்பு கீறினால், பட்ட உடம்புக்கே இன்னொரு காயம்.

"மணி நோயைத் தீர்க்குமா?" என்று இன்னொருவன் கேட்டான். தீர்க்காது. பதக்கம் ஓட்டக்காரரின் கால்வலியைத் தீர்க்கிறதா? அதற்காக அவர் கழுத்தில் சோடா மூடியையா மாட்டுகிறோம்?

செய்வதென்றால் ஒழுங்காகச் சுட்டு, தேய்த்து, துளையைச் சரிபார்த்துச் செய்யுங்கள். பரிதாபப்பட்டு அரைகுறையாகச் செய்வதற்கு, சும்மா இருப்பதே மேல்.