பரணில் கிடக்கிற லேப்டாப்புக்கு ஆர்ச் எதுக்கு?

அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைச்ச அரசு லேப்டாப் பரணில் தூங்குதா? தம்பி பைத்தான் பழக அது போதும். ஆனா "ஆர்ச் போடு"ன்னு சொல்ற சீனியர் பேச்சைக் கேட்காதீங்க. தினமும் அதில் உட்காரப்போறது அவர் இல்ல, உங்க தம்பி.

ரேம் 4 ஜிபி இருந்தா லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸில் பழகின இடத்திலேயே மெனு இருக்கும். புதுசா வர்றவங்களுக்கு அது பெரிய நிம்மதி. 2 ஜிபிதானா? லுபுண்டு. எதைப் போட்டாலும் குரோமில் இருபது டேப் திறந்தா திணறும், அதுக்கு லினக்ஸைத் திட்டாதீங்க. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி எஸ்எஸ்டி மாட்டினா, நம்ம டிஸ்ட்ரோ சண்டையெல்லாம் சும்மான்னு புரியும்.

முதல்ல பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை வருதான்னு பாருங்க. வந்தா இன்ஸ்டால் பண்ணலாம். அதுக்கு முன்னாடி அக்காவோட பழைய போட்டோவையெல்லாம் காப்பி எடுத்துடுங்க.