பெரியம்மாவின் ஆண்ட்ராய்டு 11

பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் இருந்த பணம் ஒரே பிற்பகலில் காணாமல் போனது. வீடு சுத்தம் செய்து தருவதாக இணையத்தில் ஒரு விளம்பரம். முன்பதிவுக்கு இந்தச் செயலியைப் போடுங்கள் என்று ஓர் ஏபிகே கோப்பு வந்தது. போட்டார். அன்றிரவு குடும்பக் குழுவில் வந்த முதல் தீர்ப்பு: “இதுக்குத்தான் ஐபோன் வாங்கச் சொன்னேன்.” இரண்டாவது: “படிக்காமலே எல்லாத்துக்கும் ஓகே அழுத்துனா இப்படித்தான்.”

முதல் தீர்ப்பில் பாதி உண்மை. ஆப்பிளின் கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியை நம் ஊர் ஐபோனில் சாதாரணமாக நிறுவ முடியாது. மற்றவர் அனுப்பிய குறுஞ்செய்திகளைப் படிக்கச் சாதாரணச் செயலிகளுக்கு ஐஓஎஸ் அனுமதி தராது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை ஏற்றுக்கொண்டது. இந்த இடத்தில் ஆண்ட்ராய்டு ரசிகர்கள் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை, நான் உட்பட.

ஆனால் சாவி ஒரே ஆளிடம். 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்டக்காரர்கள் போலீஸ் நடமாட்டத்தைப் பார்க்கப் பயன்படுத்திய வரைபடச் செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதை நிறுவ ஐபோனில் வேறு கதவு இல்லை, இணையப்பக்கம்தான் மிஞ்சியது. எனக்கு அந்தப் பூட்டு வேண்டாம்.

இரண்டாவது தீர்ப்புதான் என்னைக் கோபப்படுத்தியது. பெரியம்மா படித்திருக்கிறார். “அக்செசிபிலிட்டி சர்வீஸ்னு போட்டிருந்துச்சுயா. சுத்தம் பண்ற சர்வீஸ்னு நெனச்சேன்.” பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக் காட்டவும், அவர்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் உருவாக்கப்பட்ட வசதி அது. அந்த அனுமதி கிடைத்தால் திருடனும் திரையைப் படிக்கலாம், அழுத்தலாம். கூகலுக்கு இது தெரியும். 2022இல் ஆண்ட்ராய்டு 13இல், கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலிக்கு இந்த அனுமதி சுலபமாகக் கிடைக்காதபடி ஒரு தடை வைத்தது. உடைக்கவே முடியாத தடை இல்லை. ஆனாலும் பெரியம்மாவை ஒரு நிமிடம் யோசிக்க வைத்திருக்கும்.

அவர் கைப்பேசி 2021இல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 11. அங்கேயே நின்றுவிட்டது.

கூகல் திருத்தத்தை எழுதினால் மட்டும் போதாது. சில்லு செய்பவரும் கைப்பேசி செய்பவரும் அதைத் தங்கள் மாடலுக்குப் பொருத்தித் தர வேண்டும். அறுநூறு வெள்ளிக்கு விற்று முடித்த பொருளுக்கு யார் மெனக்கெடுவார்கள்? பிக்சல் 8, கேலக்சி எஸ்24 என்றால் ஏழு வருடம் தருகிறோம் என்கிறார்கள். அந்த விலை பெரியம்மாவுக்கு இல்லை.

இப்போது கூகல் வேறொரு மருந்து கொண்டு வருகிறது. செயலி எழுதுகிறவர் அடையாளத்தைப் பதிவு செய்யாவிட்டால் அது கைப்பேசியில் ஏறாது. 2026 செப்டம்பரில் தொடங்கும் நான்கு நாடுகளில் பக்கத்து வீட்டு சிங்கப்பூரும் ஒன்று. திறந்த மூலச் செயலிகளைத் தரும் எஃப்-டிராய்ட், தன் கதையே முடிந்துவிடும் என்று எச்சரித்த பிறகு, அனுபவசாலிகளுக்குத் தனிவழி உண்டு என்றார்கள். பல்கலைக்கழகத்தில் நாங்கள் நாலு பேர் பேருந்து நேரம் பார்க்க ஒரு செயலி எழுதி, ஏபிகேயாகவே நண்பர்களுக்கு அனுப்பினோம். யாரிடமும் அடையாள அட்டை நீட்டவில்லை. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கூகல் சோதித்த முறை எவ்வளவோ மேல்: ஆபத்தான அனுமதி கேட்கும் வெளிச்செயலியை நிறுவும்போதே தடுத்தது. செயலி என்ன செய்யப்போகிறது என்று பார்ப்பது வேறு, எழுதியவன் யார் என்று பார்ப்பது வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருடம் இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். நம் நாட்டில் எம்சிஎம்சி முத்திரை இல்லாமல் கைப்பேசி விற்கக்கூடாது. அந்த முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டை அச்சிடச் சொல்ல என்ன தடை?

போன வாரம் பெரியம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். “எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” என்று கேட்டேன். பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கேமரா நல்லா இருக்கும்ணே” என்றான்.