வேலி இலந்தையை வெட்டி எறிய வேண்டாம்

போடிநாயக்கனூர்ச் சந்தையில் பிளம்ஸ் என்றால் கொடைக்கானல் பழத்தைத்தான் நினைக்கிறார்கள். அந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். முந்தலிலோ சிலமலையிலோ அதை நட்டுப் பயனில்லை. ஆனால் ஆங்கிலேயர் 'இந்திய பிளம்' என்று பெயரிட்ட இலந்தை, மலையடிவார மானாவாரி நிலங்களின் வேலியில் தானாகவே நிற்கிறது. யாரும் நட்டதில்லை, நீர் ஊற்றியதில்லை. அதனால்தான் மதிப்பில்லை போலும்.

வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்தூண் ஊன்றி முள்கம்பி கட்டுவதைச் சிலர் முன்னேற்றமாக எண்ணுகிறார்கள். சிறு விவசாயிக்கு இது நஷ்டக் கணக்கு. கம்பி காய்க்காது, ஆட்டுக்குத் தழை தராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவிலிருந்து இறங்கும் மண்ணைப் பிடித்து நிறுத்தாது. இலந்தை பழுப்பதோ தை, மாசியில்; அதாவது மலைமேல் ஏலக்காய்ப் பறிப்பு ஓய்ந்து, ஜீப்பில் வேலைக்குப் போய் வந்த பெண்களுக்குக் கூலி குறையும் நேரத்தில்.

வேலி முள்ளெல்லாம் இலந்தையல்ல. இலந்தை இலையின் அடிப்புறம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். காம்படியிலிருந்து மூன்று நரம்புகள் ஓடும். சூரை கொடிபோல் ஏறும். பழம் பட்டாணி அளவில் கறுத்து மின்னும். களாவில் இலைகள் எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வரும். சொத்தைக்களாவில் பால் வராது. இவை நான்கும் தின்னத் தக்கவை. ஆனால் பால் வரும் இன்னொரு வேலிச்செடி மஞ்சள் அரளி. அதற்கு முள் கிடையாது; பச்சைக் காய்க்குள் ஒரு கெட்டிக் கொட்டை இருக்கும். அது கொடிய விஷம். பழம் பறிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் இந்தச் செடியைக் காட்டிவைக்க வேண்டும்.

காட்டு இலந்தையின் பழம் சிறிது, கொட்டை பெரிது என்ற குறை உண்மைதான். அதற்கு வழி ஒட்டுக்கட்டுவது. பழம் ஓய்ந்ததும், மாசிக் கடைசியில், 25 அடிக்கு ஒரு புதரைத் தேர்ந்து தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டிவிட வேண்டும். துளிர்ப்பதில் வலுவான இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ள வேண்டும். ஆனி, ஆடியில் அவை பென்சில் பருமன் வந்திருக்கும். அப்போது உம்ரான், பனாரசி, கோலா போன்ற நல்ல இரகத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டலாம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் தண்ணீர்ச் செலவு இல்லை. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விடாமல் நீக்க வேண்டும். அசந்தால் காட்டு இலந்தையே மீண்டும் எழுந்துவிடும். வெள்ளாடு வாய் வைக்காமல் முதல் ஆண்டு காப்பதுதான் பெரிய வேலை. இரகமும் ஒட்டு முறையும் பற்றிப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

வேலி முழுவதையும் ஒட்டுக்கட்ட வேண்டியதில்லை. இலந்தை வடைக்குப் புளிப்பும் மணமும் உள்ள நாட்டுப் பழமே ஏற்றது. பழத்தைக் கழுவி, உப்பு, வெல்லம், மிளகாய், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பழமாக விற்றால் கிடைப்பதைவிட இதில் வரவு அதிகம். கடைக்குக் கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். களாக்காய்க்கும் கிராக்கி உண்டு. பேக்கரிகளில் கேக்கின் மேல் 'செர்ரி' என்று வைக்கும் சிவப்புப் பழம் பல இடங்களில் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்!

இவையெல்லாம் பட்டா நிலத்து வேலிக்குச் சொன்னவை. காப்புக்காட்டுக்குள் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். பழ ஈ விழுந்து சொத்தையாகி உதிரும் இலந்தையை வாரம் இருமுறை பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். வேலியடியில் அப்படியே கிடக்கவிட்டால் ஒட்டு மரத்துப் பழத்தையும் அது கெடுக்கும்.