பெயின்ட் டப்பாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!



பி.டி. சார் அறைக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு, காலில்லாத கேரம் போர்டு, கிழிந்த வாலிபால் வலை எல்லாம் போட்டு வைத்திருக்கும் இருட்டு அறை நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே சாக்குக்கு அடியில் ஒரு டிரம்ஸ் செட் தூங்கிக்கொண்டிருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பெரிய பேஸ் டிரம், ரெண்டு சின்ன டிரம், ஒரு சைடு டிரம். எப்போதோ கலைந்துபோன ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பள்ளிக்குக் கொடுத்ததாம். ஆண்டு விழாவுக்காக அறையைச் சுத்தம் பண்ணும்போது வெளியே வந்தது. வந்த உடனே மூன்று யோசனையும் வந்தது. ஒன்று, காயலான் கடையில் போடுவது. ரெண்டு, சிவப்பு எனாமல் பெயின்ட் அடித்து மேடையில் அலங்காரத்துக்கு வைப்பது. மூன்று, பேஸ் டிரம்மை ரெண்டாக அறுத்து பூந்தொட்டி ஆக்குவது. (இது என் வகுப்புத் தோழன் யோசனை. பேரை எழுதினால் அடிப்பான்.)

மூன்றுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நின்று படியுங்கள். பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் என் மாமா கதை. அம்மாவுக்குத் தம்பி. ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தவர். ஆடி மாசம் வந்தால் ஆள் வீட்டிலேயே இருக்க மாட்டாராம். ஒவ்வொரு அம்மன் கோயிலாகக் கச்சேரி, விடிகாலையில் வந்து திண்ணையிலேயே தூங்கிவிடுவார் என்று பாட்டி சொல்லும். அப்புறம் ரிதம் பேட் வந்தது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி. முழு செட்டுக்கு வேன் வாடகை, ஏற்ற இறக்க ஆள், கட்டி முடிக்க ஒரு மணி நேரம். யார் கூப்பிடுவார்கள்? மாமா செட்டை வித்துட்டார். எப்படி வித்தார் தெரியுமா? ஸ்டாண்டுகளை இரும்பு விலைக்கு, எடை போட்டு! மரக் கூடுகளை அந்தக் கடைக்காரர் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவை பரணில் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டன.

அது என்ன செட்டு மாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "பேரு ஸ்டார்னு போட்டிருந்துச்சு மாப்ளே. ஜப்பான்னு கீழ இருந்துச்சு. பெரிய கம்பெனி இல்லன்னு சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

அந்த "ஸ்டார்" யார் என்று நான் தேடிப் படித்தேன். ஜப்பானில் நகோயா நகரத்தில் ஹோஷினோ காக்கி என்று ஒரு கம்பெனி. 1908இல் ஒரு புத்தகக் கடையின் இசைக்கருவிப் பிரிவாகத் தொடங்கியது. அவர்கள் அறுபதுகளில் செய்த டிரம்ஸ்தான் ஸ்டார். 1974இல் அதே கம்பெனி தன் டிரம்ஸுக்கு "டாமா" என்று புதுப் பேர் வைத்தது. டாமா என்பது முதலாளி வீட்டு அம்மாவின் பேர். இன்று உலகத்தில் பெரிய மேடைகளில் வாசிக்கப்படும் அதே டாமா! இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

சரி, நம்ம பள்ளி செட்டுக்கு வருவோம். அதன் பேட்ஜில் இருக்கும் பேர் "அப்பல்லோ". ("என்னடா, ஆஸ்பத்திரி டிரம்மா?" என்று கேட்டவர்கள் இதுவரை பதினோரு பேர். போதும், நிறுத்திக்கொள்ளலாம்.) பேர்ல் இல்லை, யமஹா இல்லை, அதனால் டூப்ளிகேட் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நான் ஒன்று கேட்கிறேன். நம்ம ஊர்ப் பிள்ளைகள் இப்படிச் சொல்லலாமா? எங்கள் வீட்டுத் தறியில் அப்பா நெய்கிற புடவை எத்தனை கடைக்குப் போகிறது! ஒவ்வொரு கடையிலும் அந்தக் கடையின் பேர் போட்ட பெட்டியில்தான் விற்கிறார்கள். எந்தப் பெட்டியிலும் எங்கள் அப்பா பேர் இல்லை. அதனால் அது டூப்ளிகேட் பட்டா?

ஜப்பான் டிரம்ஸிலும் இதே கதைதான். பேர்ல் கம்பெனியை 1946இல் டோக்கியோவில் கட்சுமி யானகிசாவா என்பவர் தொடங்கினார். யுத்தத்தில் எரிந்து கிடந்த ஊர். முதலில் செய்தது டிரம்ஸ் கூட இல்லை, நோட்டுப் புத்தகம் வைத்து வாசிக்கும் ஸ்டாண்டுகள். 1950இல்தான் டிரம்ஸுக்கு வந்தார். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்க டி.வி.யில் வாசித்ததும் அங்கே பையன்கள் எல்லோருக்கும் டிரம்ஸ் பைத்தியம் பிடித்தது. ரிங்கோ ஸ்டார் வாசித்தது அமெரிக்காவின் லுட்விக். அது விலை அதிகம். அதைப் பார்த்து அதே ஜாடையில், குறைந்த விலையில், ஜப்பான்காரர்கள் செய்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். வாங்கி விற்கிற வியாபாரி என்ன பேர் கேட்டாரோ அந்தப் பேரிலேயே பேட்ஜ் அடித்துக் கொடுத்தார்கள். பேர்ல் கம்பெனி மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட பேர்களில் இப்படிச் செய்தது. மேக்ஸ்வின், மெஜஸ்டிக், கரோனெட், ராக்ஸி, நம்ம அப்பல்லோவும்!

ஆனால் பேட்ஜைப் பார்த்து உடனே குதிக்கவும் கூடாது. பேட்ஜைக் கழற்றி வேறு டிரம்மில் மாட்ட ரெண்டு நிமிஷம் போதும். சரிகை அசலா என்று எப்படிப் பார்ப்போம்? மேலே மினுக்குவதைப் பார்க்க மாட்டோம். லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்போம். டிரம்முக்கும் உள்ளேதான் பார்க்க வேண்டும். போன வாரம் பி.டி. சார் அனுமதியோடு மாமாவை அழைத்து வந்து ஒரு சின்ன டிரம்மின் தோலைக் கழற்றிப் பார்த்தோம். (தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோம், அது பிளாஸ்டிக். தோலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அதை வைத்து வயசு சொல்ல முடியாது.)

மிருதங்கம் பலாமரத்தை ஒரே கட்டையாகக் குடைந்து செய்வது. இது அப்படி இல்லை, பிளைவுட்டை வளைத்து ஒட்டியது. அறுபதுகளின் ஜப்பான் செட்டுகளில் பெரும்பாலும் லவான் மரம் இருக்கும். பிலிப்பைன் மஹோகனி என்றும் சொல்வார்கள். செம்பழுப்பு நிறம், சின்னச் சின்னக் கோடு மாதிரி துவாரங்கள். கூடு மெல்லிசாக இருக்கும், அது நெளியாமல் இருக்க உள்பக்கம் மேலும் கீழும் ஒரு மர வளையம் வைத்து ஒட்டியிருப்பார்கள். நம்ம டிரம்மிலும் அந்த வளையம் இருக்கிறது. நான் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கோந்து விட்டு வாய் பிளந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது வெளியே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். நம்ம செட்டு இப்போது டீ நிறத்தில் இருக்கிறது இல்லையா? மாமா ஒரு இரும்புக் குமிழைக் கழற்றினார். அதன் அடியில் பார்த்தால் சிவப்பு! முத்துச்சிப்பி மாதிரி அலை அலையாக மின்னும் சிவப்பு. எத்தனை வருஷ வெயிலோ, வெளிறிவிட்டது. குமிழின் அச்சும் நிறமும் அப்படியே பொருந்துவதால் அந்தக் குமிழ் முதலிலிருந்தே அங்கே இருந்தது என்றும் தெரிகிறது. பேஸ் டிரம்மில் மட்டும் ரெண்டு கூடுதல் ஓட்டை. யாரோ வேறு ஸ்டாண்டு மாட்டத் துளை போட்டிருக்கிறார்கள். "எங்காளுங்க வேலைதான்" என்று மாமா சிரித்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்டார் என்று இருந்தால் 1974க்கு முந்தையது என்று யூகிக்கலாம். டாமா என்றால் அதற்குப் பிறகு. யமஹா டிரம்ஸ் செய்ய ஆரம்பித்ததே 1967இல், அதனால் அதற்கு முந்தைய யமஹா செட் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம். எழுபதுகளில் மலிவு செட்டுகளின் வேலை தைவான் பக்கம் போக ஆரம்பித்தது. ஆகவே விலை குறைந்த செட்டில் "மேட் இன் ஜப்பான்" என்று இருப்பதே அதன் வயசைச் சொல்லும்.

இப்போது புரிகிறதா, ஏன் பெயின்ட் கூடாது என்று? பெயின்ட் அடிக்க உப்புத்தாள் போட்டால் அந்த முத்துச் சிவப்பு போச்சு. பேட்ஜ் போச்சு. குமிழ் அடையாளம் போச்சு. அப்புறம் அது வெறும் சிவப்பு டப்பா.

என்னோடு சண்டைக்கு வந்தவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "இது லட்சம் போகுமாடா?" போகாது! இது அந்தக் காலத்தில் பையன்கள் முதல்முதலில் வாங்கிய மலிவு செட். பழசு என்றாலே பொன் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் எங்க பாட்டி கல்யாணப் புடவையையும்தான் இன்று யாரும் பெரிய விலைக்கு வாங்க மாட்டார்கள். அதற்காகப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டோமா?

"டிரம்ஸ் நம்ம வாத்தியமா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். வயலின் மட்டும் வரதராஜர் தெப்பக்குளத்திலா முளைத்தது? தாளம் என்றால் நம்ம ஊருக்கு உயிர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) பாட உட்கார்ந்தால் சுற்றிலும் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு படையே இருக்குமாம். அந்த ஊரில் ஒரு டிரம்முக்கு இடமில்லையா?

"வைக்க இடம் எங்கே?" இது நியாயமான கேள்வி. அதற்காகக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. சேகரிப்பவர்களில் ஒரு ரகம் உண்டு, வாங்கிப் பூட்டி வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு ரகம் செட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்பார்கள். இது அதைவிட மோசம், நாலும் சேர்ந்திருந்தால்தான் செட். என் யோசனை, மேடைக்குப் பக்கத்து அறையில் தரையில் படாமல் ஒரு பலகை போட்டு வைப்போம், ஈரம் படாது. வாரம் ஒருநாள் வாசிப்போம். நாற்பது வருஷம் தண்ணீருக்குள் இருந்த அத்திவரதரை 2019இல் 48 நாள் கால் கடுக்க நின்று பார்த்த ஊர் இது. அத்தி மரத்தைக் குளத்துக்கு அடியிலேயே காப்பாற்றியவர்களுக்கு லவான் மரத்தை ஒரு அறையில் காப்பாற்றத் தெரியாதா என்ன?

பி.டி. சாரிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள சத்தம் வர்ற மாதிரி கட்டிக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். சைடு டிரம்முக்கு அடிப்பக்கத் தோலும், கீழே கட்டும் கம்பிச் சுருளும் இல்லை. அதற்குக் கொஞ்சம் காசு சேர்க்க வேண்டும், என் பங்கு இருபது ரூபாய் தயார். பழைய காட்டன் துணி கொண்டு வாருங்கள். ஈரத்துணி வேண்டாம், சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்புத்தாளோடு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். டிரம்ஸ் முறுக்கும் சாவி கடையில் தேட வேண்டியதில்லை. மாமா தன் செட்டு போனபோது அது ஒன்றை மட்டும் விற்காமல் வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்து வைத்திருந்திருக்கிறார். போன வாரம் அதைத்தான் போட்டுத் திருகினார், கச்சிதமாகப் பொருந்தியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு பெல்லுக்கு அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு