பழைய ரம்பம் ஓடினால் மட்டும் போதுமா?

ஓசூர் இயந்திரங்களின் ஊர். 1980ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. 1984ல் தொடங்கப்பட்ட டைட்டன் கம்பெனியின் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கேதான் அமைந்தது. எல்லையைத் தாண்டி 40 கிலோமீட்டர் போனால் பெங்களூர்.

புது இயந்திரங்கள் வரும் ஊரில், பழையவை எடைக்குப் போவதும் உண்டு. அப்படிப் போகிறவற்றில் ஒன்று சிறிய மேசை ரம்பம். வார்ப்பிரும்பு மேசை, நடுவே ஒரு பிளவு, அதில் தலைநீட்டும் வட்டத் தகடு. அவ்வளவுதான்!

இதை உடைத்து உருக்குவது வீண். செப்பனிட்டால் ஒரு தச்சரின் குடும்பத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் சோறு போடும். ஆனால், ஓட வைத்துவிட்டாலே செப்பனிட்டதாகிவிடுமா? ஆகாது!

எந்த ஊர்ச் சரக்கு?

முதலில் இயந்திரத்தை அடையாளம் காண வேண்டும். செய்தவர் பெயர் பெரும்பாலும் வார்ப்பிலேயே இருக்கும். அல்லது சிறு தகட்டில் பொறித்திருக்கும். துருவைச் சுரண்டும்போது அந்தத் தகட்டைச் சிதைத்துவிடக் கூடாது.

அடுத்து, மோட்டார்த் தகட்டைப் படிக்க வேண்டும். 110 வோல்ட், 60 சைக்கிள் என்றிருந்தால் அது அமெரிக்கா போன்ற வெளிநாட்டுக்காகச் செய்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சைக்கிள். நேராக இணைத்தால் மோட்டார் கருகிவிடும்!

செய்த கம்பெனி மூடப்பட்டிருந்தாலும் கவலையில்லை. பேரிங்கின் மேல் எண் இருக்கும். 6203 என்றால் எந்த நாட்டில் செய்ததானாலும் உள்துளை 17, வெளி அளவு 40, அகலம் 12 மில்லிமீட்டர். எண்ணைச் சொன்னால் கடையில் கிடைக்கும். ஆனால் வார்ப்பில் விரிசல் கண்டால் வாங்காமலிருப்பதே நல்லது.

துரு போக

வேலை தொடங்குமுன் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் துரு போகும். அவசரப்பட்டு கிரைண்டர் வைத்தால் மேசை குழிந்துவிடும். பிறகு மெழுகு பூசலாம். எண்ணெய் பூசினால் மரத்தில் கறை படியும்.

காணாமற்போன மூடி

இத்தனையும் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ரம்பத்துக்கு மூடி எங்கே? 'கண்ணை மறைக்கிறது' என்று எவரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார். தகட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மெல்லிய இரும்புத் துண்டும் அதோடு போயிருக்கும்.

அந்தத் துண்டுக்கு என்ன வேலை? அறுபட்ட மரம் மறுபடி சேர்ந்து தகட்டைக் கவ்வாமல் தடுப்பதுதான். கவ்வினால் மரம் ஆளை நோக்கிப் பாயும். தள்ளிய கை ரம்பத்தின் மேல் விழும். 8 அங்குலத் தகடு நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல்!

1999ல் ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்க வக்கீல் ஒரு வழி கண்டார். விரல் பட்டதும் மின்சாரத்தால் உணர்ந்து, ஒரு செகண்டில் 200ல் ஒரு பங்கு நேரத்தில் தகட்டை நிறுத்தும் ரம்பம் அது. பழைய ரம்பத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. அதற்கு மூடிதான் காவல்.

'அப்பா காலத்திலிருந்து மூடி இல்லாமல்தானே அறுக்கிறோம்?' என்பார்கள் சிலர். அந்தக் காலத்தில் ரம்பம் பிடித்தவர்களின் கைவிரல்களை எண்ணிப் பார்க்கட்டும்!

அபாயமான இயந்திர பாகங்களுக்குத் தடுப்பு வேண்டுமென்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே தன் 21வது பிரிவில் கட்டளையிட்டது. பெரிய ஆலைகளுக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வீட்டுத் திண்ணைப் பட்டறைக்கு யார் வருவார்? பகலில் மூடி போட்ட இயந்திரத்தில் உழைக்கும் கை, மாலையில் மூடியில்லாத ரம்பத்தில் உழைக்கலாமா?

மூடியைத் தகட்டு வேலைக்காரர் செய்து தருவார். பின்துண்டு, தகட்டின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். லேத் பட்டறைகள் நிறைந்த ஓசூரில் இது பெரிய காரியமல்ல. கடைசித் துண்டு மரத்தைத் தள்ள ஒரு கட்டையும் வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

வர்ணம் பூசி, பெல்ட் மாற்றி, பளபளவென்று நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ண வேண்டாம். மூடி ஏறிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். இரும்புக்கு மறு வாழ்வு கொடுக்கலாம். விரலுக்குக் கொடுக்க முடியாது.