டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத தேதிகள்

பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. ஓயாமல் வாயைச் சப்புவதும், சைக்கிள் மிதிப்பதுபோல் காலாட்டுவதும்கூட வலிப்பாக இருக்கலாம். அது நின்றதும் வீட்டார் கவனமெல்லாம் மருந்து வேளையில்தான். பின்னாளைப் பெரிதும் தீர்மானிப்பதோ வலிப்பின் காரணம்: கால்சியக் குறைவு என்றால் பெரும்பாலும் தேறிவிடும், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருந்தால் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வீடு திரும்புமுன் மருந்தை நிறுத்திய குழந்தைகளும் தொடர்ந்தவர்களும் 2 வயது வளர்ச்சியில் வேறுபடவில்லை. அதற்காக மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தளவோடு, கழுத்து நிற்பது, உட்காருவது, காது, பேச்சு இவற்றைச் சோதிக்கும் தேதிகளையும் எழுதித் தர வேண்டும். "போகப்போகச் சரியாகிவிடும்" என்று காத்திருந்தால், வளர்ச்சி பின்தங்கினால் தரும் பயிற்சிக்கு உகந்த மாதங்கள் கைநழுவிப் போய்விடும்.