48 இலக்கச் சாவி



இந்த இதழ் மூன்று நாள் பிந்தி உங்கள் கைக்கு வருகிறது. மழை, பேப்பர் விலை, அச்சக விடுமுறை என்று எதன் மேலும் பழி போடப் போவதில்லை. திங்கட்கிழமை இரவு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கணினித் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. புது டிஸ்ப்ளே டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) வந்திருக்கிறது, போட்டுவிடட்டுமா என்று ஐந்து நாளாகவே கேட்டுக்கொண்டிருந்த கட்டம். அதற்கு ‘சரி’ என்று அமுக்கியவன் நான்தான்.

மறுநாள் காலை லேஅவுட் பார்க்கும் அம்மா வந்து ஸ்விட்சைப் போட்டார். வட்டம் சுற்றியது. நீலத் திரையில் ஒரு சோக முகம் வந்தது. தானே அணைந்து தானே எழுந்தது. மறுபடி வட்டம், மறுபடி நீலம். பத்து மணி வரை இதே கூத்து.

“நேத்து ராத்திரி ஏதாவது பண்ணீங்களா சார்?”

“ஒண்ணும் பண்ணலையேம்மா.”

அந்தப் பொய்யை இந்தப் பக்கத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வேறு கணினியில் வேலையை முடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கங்கள் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில், பேஜ்மேக்கரில்தான் கட்டப்படுகின்றன. பக்கத்து மேசைக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தலையங்கம் முழுக்கக் கொக்கியும் கோடும் ஆங்கில எழுத்துமாக நிற்கும். ‘மாற வேண்டும், மாற வேண்டும்’ என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆக, அறுபத்து நான்கு பக்கங்களும் அந்த ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டன.

மேற்குத் தாம்பரத்தில் சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டோம். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, வட்டம் சுற்றும்போதே அணைத்தார். இன்னொரு முறை. இன்னொரு முறை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. “பயப்படாதீங்க சார். ரெண்டு மூணு தடவை பாதியிலேயே நின்னுச்சுன்னா, தனக்கு உடம்பு சரியில்லைன்னு அதுக்கே புரியும். ரிப்பேர் பக்கத்தைத் தானே காட்டும்” என்றார். காட்டியது. பழைய நாளில் எஃப்8 விசையைத் தட்டிய இடம் இது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்த விசை சும்மா தட்டினால் பேசுவதில்லை.

ஒரு டிரைவர் கெட்டதற்கு மொத்தக் கணினியும் ஏன் படுக்க வேண்டும் என்று கேட்டேன். தம்பி சுவரில் இருந்த மின்பெட்டியைக் காட்டினார். சாதாரண மென்பொருள் தப்பு செய்தால், ஒரு அறையின் எம்சிபி மட்டும் விழுவது போல அது மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் டிரைவர் கெர்னல் என்கிற உள்மையத்தில், மெயினோடு சேர்ந்தே ஓடுகிறது. அங்கே தப்பு நடந்தால், உள்ளே இருப்பது நாசமாகாமல் இருக்க விண்டோஸ் தானே மெயினை இறக்கிவிடும். நீலத்திரை என்பது அப்படி இறக்கப்பட்ட மெயின். (2025 முதல் புது விண்டோஸில் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள். சோக முகத்தையும் எடுத்துவிட்டார்கள்.)

சேஃப் மோடுக்குள் போக வேண்டும். அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும், கோவணத்தோடு எழுந்து நிற்கிற நிலை. பட்டியலில் நான்காம் எண்ணை அமுக்க வேண்டிய தறுவாயில் தம்பி திரும்பி, “சார், கீ இருக்கா?” என்றார்.

“எந்த பீரோவுக்கு?” என்றேன்.

லேஅவுட் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி கேட்டது பிட்லாக்கர் ரெகவரி கீ. இப்போது வரும் பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டு விடுகிறது, திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடிக்கு. நாள்தோறும் அந்தப் பூட்டு கண்ணில் படாது. இப்படி ரிப்பேர் வழியாக உள்ளே நுழையும்போதுதான் சாவி கேட்கும். ஆறு ஆறாக எட்டுக் கட்டு, மொத்தம் 48 எண்கள். வாங்கிய அன்று யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்தோமோ அங்கே அது கிடக்கும். எங்கள் கணினியைப் பதிந்து கொடுத்தவன் என் அக்கா மகன். சோழிங்கநல்லூரில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, மேடவாக்கத்தில் போனை அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மதியம் இரண்டரைக்கு எழுந்தான். அவன் போனில் எண்களைப் படிக்க, நான் உரக்கத் திருப்பிச் சொல்ல, தம்பி தட்டினார். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பட்டனை அமுக்கினார். பழைய டிரைவர் திரும்பி வந்தது. வைத்தியம் பத்து நிமிடம், சாவிக்குக் காத்திருந்தது பல மணி நேரம்.

காசை வாங்கிக்கொண்டு டீ குடிக்கும்போது தம்பி சொன்னார்: “மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல அன்னைக்கு நடந்ததும் இதேதான் சார்.”

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. என் தங்கை மகள் அன்று பெங்களூர் போகப் போனவள். கவுன்ட்டரில் கணினிகள் செத்துக் கிடக்க, பெயரையும் விமான எண்ணையும் இருக்கையையும் பேனாவால் எழுதிக் கொடுத்தார்களாம். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறாள்.

அன்று நடந்தது இது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஃபால்கன் மென்பொருள் பெரிய அலுவலகங்களின் கணினிகளில் காவலுக்கு இருக்கிறது. கணினி எழும்போதே அதன் டிரைவரும் கெர்னலுக்குள் எழுந்துவிடும். நம் நேரப்படி காலை 9.39-க்கு அதற்கு ஒரு சின்னக் கோப்பு அனுப்பப்பட்டது. டிரைவர் அல்ல, டிரைவர் படிக்கிற குறிப்பு. குறிப்பு 21-வது கட்டத்தைப் பார்க்கச் சொன்னது. மென்பொருளிடம் இருந்ததோ 20 கட்டங்கள்தான். இல்லாத கட்டத்தைப் படிக்கப் போய் மெயின் விழுந்தது. தப்பு தெரிந்து 10.57-க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் வாங்கிக்கொண்ட விண்டோஸ் கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம். உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒன்று விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் உட்கார்ந்திருந்தது.

மருந்து என்னவோ சுலபம்தான். சேஃப் மோடில் போய் 291 என்ற எண் தாங்கிய அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் இணையத்தோடு பேசுவதற்கு முன்பே பெட்டி விழுந்துவிடுவதால், தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் குணப்படுத்த முடியவில்லை. ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. பூட்டிய வட்டு என்றால் 48 எண்களோடு. சில இடங்களில் 48 எண்கள் இருந்த சர்வரே நீலமாகக் கிடந்தது. மைக்ரோசாஃப்டே தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன ஒரு வழி, பதினைந்து தடவை வரை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்பது. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் 40,000 சர்வர்களைக் கையாலேயே சரிசெய்ய வேண்டியிருந்ததாக அதன் தலைவர் சொன்னார். ஐந்து நாளில் அவர்கள் ரத்து செய்தது ஏறத்தாழ 7,000 விமானங்கள். நம் விமான நிலையங்கள் மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் தேறிவிட்டன. பேனா பிடித்தவர்களுக்கு அதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட், எழ முடியாத கணினி தானே இணையம் போய் மருந்து வாங்கி வரும் ஏற்பாட்டைப் புது விண்டோஸில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. நல்லது. அது வேலை செய்வதை என் மேசையில் பார்த்த பிறகு நம்புகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி உங்கள் கணினி நன்றாக இருக்கும்போதே, பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்த 48 எண்களைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைக்காதீர்கள், கதவுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதையாகும். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயிண்ட் ஒன்றும் போட்டு வையுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் வாசகர்கள் தாளை மேல் அலமாரியில் வைக்கவும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த எதுவும் உங்களுக்கு மிஞ்சவில்லை.

எங்கள் எண்கள் இப்போது சந்தாப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், லேஅவுட் அம்மாவின் கையெழுத்தில் இருக்கின்றன. பதிவேடு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அவரிடம் இருக்கிறது. என்னிடம் தருவதாக இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்